நிகழ்வு ஆய்வு: கன்சோலும் சேர்ந்து விழுந்த இரவில் நடந்த ஃபெயில்ஓவர்

பின்னணி

மொத்த விநியோகத் தொழிலில் உள்ள ஒரு நிறுவனம். ஆர்டர், இருப்பு, பில், கணக்கு எல்லாம் ஒரே ஆரக்கிள் 19சி தரவுத்தளத்தில் இருந்தன, அளவு 2.4 டெராபைட். பிரைமரி, அதாவது பயன்பாட்டில் உள்ள முதன்மைத் தரவுத்தளம், ஒரு தரவு மையத்தில்; அது விழுந்தால் பொறுப்பேற்கும் நகலான பிசிக்கல் ஸ்டாண்ட்பை வேறொரு நகரத்தின் தரவு மையத்தில். நகலை ஒத்த நிலையில் வைக்கும் ஆரக்கிள் வசதியான டேட்டாகார்டு இரண்டையும் இணைத்தது, அதை நிர்வகிக்கும் புரோக்கர் அதன் மேல் இயங்கியது. பாதுகாப்பு முறை மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்: மாற்றங்களின் பதிவான ரீடூ அசிங்க் முறையில் போகும், பிரைமரியில் ஒரு பரிவர்த்தனை கமிட் ஆக (உறுதியாக) ஸ்டாண்ட்பையின் பதிலுக்காகக் காத்திருக்காது.

அடிப்படை அமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. வரும் ரீடூவை வாங்கிவைக்கும் ஸ்டாண்ட்பை ரீடூ லாக் குரூப்கள், பிரைமரி எழுதும் ஆன்லைன் குரூப்களைவிட ஒன்று கூடுதலாக, அதே அளவில் இருந்தன. வந்த ரீடூவை உடனுக்குடன் ஸ்டாண்ட்பையில் பதியும் ரியல் டைம் அப்ளை ஓடியது. தரவுத்தளத்தை முந்தைய கணத்துக்குத் திருப்பும் ஃப்ளாஷ்பேக் டேட்டாபேஸ் இரு பக்கமும் இயக்கத்தில் இருந்தது. இது பின்னால் பெரிதும் கைகொடுத்தது. பேரிடர் நேர்ந்தால் 4 மணி நேரத்துக்குள் சேவை திரும்ப வேண்டும், இழப்பு 5 நிமிடத் தரவைத் தாண்டக் கூடாது என்று நிர்வாகத்துடன் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது.

அன்றாட மேலாண்மை முழுவதும் என்டர்பிரைஸ் மேனேஜர் கிளவுட் கன்ட்ரோல் 13சி வலைக் கன்சோல் வழியாகவே நடந்தது. டேட்டாகார்டு நிர்வாகப் பக்கத்தில் டிரான்ஸ்போர்ட் லேக் (ரீடூ வந்துசேர்வதில் உள்ள பின்தங்கல்), அப்ளை லேக் (அதைப் பதிவதில் உள்ள பின்தங்கல்), மொத்த நிலை மூன்றையும் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டின் பாத்திரங்களையும் திட்டமிட்டு மாற்றும் ஸ்விட்ச்ஓவர் பொத்தானை அதே பக்கத்தில் அழுத்தி ஒத்திகை பார்ப்பார்கள். கட்டளை வரியில் ஸ்டாண்ட்பையைத் தொட வேண்டிய தேவை குழுவுக்கு நெடுநாளாக வரவில்லை.

கன்சோல் எங்கே இருந்தது

கன்சோலின் மேனேஜ்மென்ட் சர்வரும் அதன் ரெப்பாசிட்டரி தரவுத்தளமும் பிரைமரி இருந்த அதே மையத்தில், அதே மின்வழியில் இருந்தன. நிறுவிய காலத்தில் அங்கேதான் காலி சர்வர் கிடைத்தது. பிரைமரி விழும் நேரத்தில்தான் ஸ்டாண்ட்பையை இயக்கக் கன்சோல் அதிகம் தேவைப்படும் என்பதை அப்போது யாரும் கேள்வியாக எழுப்பவில்லை.

இரு தரவுத்தளங்களின் உச்ச அதிகாரமுள்ள சிஸ் பயனரின் கடவுச்சொல்லும் கன்சோலில் நேம்டு கிரெடென்ஷியலாகச் சேமிக்கப்பட்டிருந்தது. நிர்வாகிகள் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்து வேலையை முடிப்பார்கள். எழுத்துகளைத் தட்டச்சு செய்ததில்லை. கடவுச்சொல் யார் நினைவிலும் இல்லை. பாதுகாப்பு நோக்கில் இது நல்ல வழக்கம்தான், கன்சோல் உயிரோடு இருக்கும்வரை.

அதிகாலை 2:14 முதல் 3:20 வரை

பிரைமரி மையத்தின் மின் விநியோகப் பலகையில் கோளாறு ஏற்பட்டு ரேக்குகள் முழுவதும் அணைந்தன. பயன்பாட்டுக் குழு 2:20-க்கு அழைத்தது. பணியில் இருந்த தரவுத்தள நிர்வாகி வழக்கம்போல் கன்சோல் முகவரியைத் திறந்தார், பக்கம் வரவில்லை. விபிஎன் பிரச்சினை என்று நினைத்து அதைச் சரிபார்ப்பதில் 15 நிமிடம் போயிற்று. கன்சோலும் பிரைமரியும் ஒன்றாக விழுந்திருக்கின்றன என்பது மையத்துடன் தொலைபேசியில் பேசிய பிறகே உறுதியானது. மின்சாரம் சீராக 12 மணி நேரமாவது ஆகும் என்று மையம் சொன்னது.

அடுத்து அவர் ஸ்டாண்ட்பை சர்வரில் நேரடியாக நுழைந்து, டேட்டாகார்டு நிலையைக் காட்டும் வி-டாலர்-டேட்டாகார்டு-ஸ்டாட்ஸ் வியூவைக் கேட்டார். டிரான்ஸ்போர்ட் லேக் 0 நொடி என்று வந்தது. பிரைமரி அணைந்து அரை மணி நேரம் கழிந்த பிறகும் 0. இந்த எண்ணைத் தனியாகப் படித்தால் எல்லாம் நலம் என்று தோன்றும். அதே வரியில் டேட்டம் டைம் என்ற பத்தி உண்டு. லேக்கைக் கணக்கிட உதவிய தகவல் பிரைமரியிலிருந்து கடைசியாக எப்போது வந்தது என்பதை அது சொல்லும். அது 2:14:07-இல் நின்றுவிட்டிருந்தது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை கேட்டும் டேட்டம் டைம் மாறவில்லையென்றால், ஸ்டாண்ட்பைக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று பொருள். பக்கத்தில் உள்ள 0 பழைய கணக்கு. டேட்டம் டைமோடு சேர்த்துப் படித்தபோதுதான் அந்த 0-வுக்கு மதிப்பு வந்தது: கடைசித் தொடர்பு 2:14:07, அந்தக் கணத்தில் இடைவெளி நொடிக்கும் குறைவு. ஆகவே இழப்பு 5 நிமிட வரம்புக்குள் வெகு சௌகரியமாக அடங்கும் என்று குழு முடிவுக்கு வந்தது.

கடவுச்சொல் அடுத்த தடை. ஓஎஸ் பயனர் வழியாக புரோக்கரின் கட்டளை வரிக் கருவியான டிஜிஎம்ஜிஆர்எல்-இல் நுழைந்து நிலையைப் பார்க்க முடிந்தது. ஆனால் ஸ்டாண்ட்பையைப் பிரைமரியாக்கும் ஃபெயில்ஓவர் நடுவே புரோக்கர் ஏதேனும் இன்ஸ்டன்ஸை நிறுத்தித் தொடங்க நேர்ந்தால், கடவுச்சொல் இல்லாத இணைப்பு அங்கே அறுந்து வேலை பாதியில் நிற்கும். அந்த ஆபத்தை ஏற்காமல் காத்திருக்க முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு. கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் இன்னொரு அலுவலகப் பெட்டகத்தில் இருந்தது; எடுத்து வாசித்துக் காட்ட 25 நிமிடம்.

ஃபெயில்ஓவர்

3:20-க்கு நிர்வாகத்தின் ஒப்புதல் கிடைத்தது. 12 மணி நேரக் காத்திருப்பு 4 மணி நேர வரம்பை மீறும் என்பதால் விவாதம் நீளவில்லை.

பிரைமரி இல்லாத நிலையில் ஸ்விட்ச்ஓவருக்கு வழியில்லை, ஃபெயில்ஓவர் மட்டுமே. அதிலும் இரண்டு வகை. சாதாரண ஃபெயில்ஓவர், வந்து சேர்ந்த ரீடூ அனைத்தையும் அப்ளை செய்த பிறகே பாத்திரத்தை மாற்றும். இம்மீடியட் என்று சேர்த்தால் அப்ளை ஆகாத மிச்சத்தைக் கைவிட்டு உடனே மாறும். அப்ளை லேக் 1 நொடிதான் இருந்தது. அவசரப்பட்டுத் தரவை இழக்கக் காரணமே இல்லை. சிஸ் பயனராக ஸ்டாண்ட்பையுடன் இணைந்து, சாதாரண ஃபெயில்ஓவர் கட்டளை தரப்பட்டது. 3:41-க்குத் தரவுத்தளம் பிரைமரியாகத் திறந்தது. பழையது ரீஇன்ஸ்டேட் செய்யப்பட வேண்டும், அதாவது ஸ்டாண்ட்பையாகத் திரும்பச் சேர்க்கப்பட வேண்டும் என்று புரோக்கர் ஓஆர்ஏ-16661 குறிப்புடன் காட்டியது, அது எதிர்பார்த்ததே.

பயன்பாடுகளின் இணைப்புச் சரத்தில் இரண்டு முகவரிகளும் முன்பே இருந்தன. பிரைமரி பாத்திரத்தில் மட்டும் தொடங்கும் சர்வீஸ் தானாக எழுந்தது. 4:30-க்கு ஆர்டர் பதிவு நடந்தது. விழுந்ததிலிருந்து 2 மணி 16 நிமிடம்.

6:50: படிக்க முடியாத பிளாக்குகள்

காலையில் கிடங்கு மேலாளர்கள் இருப்புச் சுருக்க அறிக்கையைத் திறந்ததும் ஓஆர்ஏ-01578 வந்தது: தரவைச் சேமிக்கும் அடிப்படை அலகான பிளாக் கெட்டுவிட்டது என்பது அதன் பொருள். அதே செய்தியில் அதன் கீழே ஓஆர்ஏ-26040. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்: டிஸ்க் பழுதல்ல, அந்த பிளாக் நோலாக்கிங் முறையில் ஏற்றப்பட்டது. சேமிப்புக் குழுவை எழுப்பி டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்வதற்கு முன் இதைப் படித்தது அரை நாளை மிச்சப்படுத்தியது.

நோலாக்கிங் டேபிளில் பிளாக்குகளை நேரடியாக எழுதும் டைரக்ட் பாத் இன்செர்ட் செய்தாலோ, நோலாக்கிங் சேர்த்து இண்டெக்ஸ் கட்டினாலோ, பிளாக்கில் எழுதப்பட்ட உள்ளடக்கம் ரீடூவில் போகாது. 'இந்த வரம்பில் உள்ள பிளாக்குகள் செல்லாது' என்ற சிறு குறிப்பு மட்டும் போகும். ஸ்டாண்ட்பை அந்தக் குறிப்பை ஒழுங்காக அப்ளை செய்து, பிளாக்குகளைச் செல்லாதவை என்று குறித்துவைக்கும். ரீடூ வந்தது, அப்ளை ஆனது, லேக் 0, கன்சோலில் பச்சை. தரவு மட்டும் இல்லை. கன்சோல் பொய் சொல்லவில்லை. அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

எல்லா மாற்றங்களையும் ரீடூவில் எழுதவைக்கும் ஃபோர்ஸ் லாக்கிங் தரவுத்தள அளவில் இருந்தால் டேபிள் அளவு நோலாக்கிங்கை அது புறக்கணித்துவிடும், இந்தச் சிக்கல் எழாது. எனவே எங்கோ அது அணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று குழு ஊகித்தது. உறுதிப்படுத்த வேண்டிய அலர்ட் லாக், அதாவது தரவுத்தளத்தின் நிகழ்வுப் பதிவு, மின்சாரமில்லாத மையத்தில் கிடந்தது.

முதல் வேலையாகப் புதிய பிரைமரியில் ஃபோர்ஸ் லாக்கிங்கை இயக்கினார்கள். சரிசெய்யும் வேலையே மீண்டும் நோலாக்கிங்கில் போய்விடக் கூடாது. பிறகு பேக்கப், மீட்புக் கருவியான ஆர்மேன் மூலம் முழுத் தரவுத்தளத்தையும் வாலிடேட் செய்து, நான்லாக்டு பிளாக் வியூவில் விழுந்த ஃபைல் எண், பிளாக் எண்களை எந்த பிளாக் எதற்கு உரியது என்று காட்டும் டிபிஏ எக்ஸ்டென்ட்ஸுடன் பொருத்தினார்கள். பாதிக்கப்பட்டவை 3 சுருக்க டேபிள்கள், அவற்றின் 9 இண்டெக்ஸ்கள், ஆர்டர் வரி டேபிளின் மேல் கட்டிய 2 இண்டெக்ஸ்கள்.

சுருக்க டேபிள்கள் அடிப்படை டேபிள்களிலிருந்து இரவுதோறும் உருவாக்கப்படுபவை. அவற்றில் டெலீட் கொடுத்தால் அது கெட்ட பிளாக்குகளைப் படிக்கப் போய் அதே பிழையில் நிற்கும். டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் டிரன்கேட் தரவு பிளாக்குகளைப் படிப்பதில்லை, ஆகவே டிரன்கேட் செய்து மறுபடி ஏற்றினார்கள். மாத இறுதிப் பகுதி உட்பட 2 மணி 10 நிமிடம் ஆனது.

ஆர்டர் வரி இண்டெக்ஸ்களில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் கொடுத்த சாதாரண ரீபில்டு ஓஆர்ஏ-01578-இல் தோற்றது. ரீபில்டு, பழைய இண்டெக்ஸையே மூலமாக எடுத்துப் படிக்கக்கூடும். இங்கே மூலமே கெட்டது. ஆன்லைன் ரீபில்டு டேபிளைப் படித்துக் கட்டும் என்பதால் அது தடையின்றி முடிந்தது. இண்டெக்ஸை டிராப் செய்து புதிதாகக் கட்டுவதும் வழிதான், ஆனால் பகல் நேரத்தில் அந்த இண்டெக்ஸ் இல்லாமல் ஆர்டர் தேடல் நகராது.

கெட்டவை எல்லாம் வேறொன்றிலிருந்து மறுபடி உருவாக்கக்கூடியவையாக இருந்தது நல்வாய்ப்பு. ஓர் அடிப்படை டேபிள் இப்படி ஏற்றப்பட்டிருந்தால், பழைய பிரைமரி திரும்பும்வரை அல்லது அதன் பேக்கப் கிடைக்கும்வரை அந்தத் தரவு யாரிடமும் இருந்திருக்காது.

அதே காலையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பெரிய அறிக்கைகள், தற்காலிக இடம் போதவில்லை என்ற ஓஆர்ஏ-01652 கொடுத்து நின்றன. பிரைமரியில் டெம்ப் ஃபைல் மூன்று, ஸ்டாண்ட்பையில் ஒன்றுதான். டெம்ப் ஃபைலைச் சேர்ப்பது ஸ்டாண்ட்பைக்குத் தானாகப் போவதில்லை. ஃபைல் மேலாண்மை ஆட்டோவில் இருந்தாலும் கையால்தான் சேர்க்க வேண்டும். இரண்டு ஃபைல் சேர்த்ததும் தீர்ந்தது.

பழைய பிரைமரி திரும்புதல்

மறுநாள் மதியம் மின்சாரம் வந்தது. இங்கே எடுத்த முன்னெச்சரிக்கை கவனிக்கத்தக்கது. சர்வர் எழுந்ததும் ஆரக்கிள் ரீஸ்டார்ட் தரவுத்தளத்தைத் தானாகத் திறக்கும். அது இன்னும் தன்னைப் பிரைமரி என்றே நினைத்திருக்கும். பிரைமரி சர்வீஸும் எழும். இணைப்புச் சரத்தில் முதல் முகவரி அதுதான். பாதிப் பயனர்கள் பழையதில் ஆர்டர் போடத் தொடங்கினால் இரண்டு கிளைகளையும் சேர்க்க முடியாது. அணைந்திருக்கும் சர்வரில் தானியங்கித் தொடக்கத்தை மாற்ற வழியில்லை என்பதால், மின்சாரம் வருவதற்கு முன்பே நெட்வொர்க் குழு தரவுத்தள இணைப்புகள் வரும் அந்த சர்வரின் 1521 போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்தது. சர்வர் எழுந்ததும் மேலாண்மை வழியில் நுழைந்து தரவுத்தளத்தை நிறுத்தி, பயனர்களுக்குத் திறக்காத மவுன்ட் நிலைக்கு மட்டும் கொண்டுவந்தார்கள்.

ரீஇன்ஸ்டேட் செய்தால் ஃபெயில்ஓவர் புள்ளிக்குப் பிந்தைய மாற்றங்கள் அழிந்துவிடும். ஆகவே அதற்கு முன் பழைய ஆன்லைன் ரீடூ லாக்குகளையும் ஆர்க்கைவ் லாக்குகளையும் தனி இடத்தில் நகலெடுத்தார்கள். புதிய பிரைமரியின் 'ஸ்டாண்ட்பை பிகேம் பிரைமரி' எஸ்சிஎன்னுக்கு (பாத்திரம் மாறிய புள்ளியைக் குறிக்கும் எண்ணுக்கு) பின் கமிட் ஆனவற்றை, ரீடூ லாக்குகளைப் படிக்கும் லாக்மைனரில் தேடியதில் 4 பரிவர்த்தனைகள் கிடைத்தன. கணக்குப் பிரிவு அவற்றைக் கையால் பதிந்தது. இந்த நகலை எடுக்காமல் ரீஇன்ஸ்டேட் அழுத்தியிருந்தால் என்ன இழந்தோம் என்றே தெரிந்திருக்காது.

ஃப்ளாஷ்பேக் தக்கவைப்பு இலக்கு 1440 நிமிடம், அதாவது ஒரு நாள். மின்தடை அதைத் தாண்டிவிட்டதே, இனி ரீஇன்ஸ்டேட் ஆகுமா என்று குழுவுக்குள் அச்சம் இருந்தது. அணைந்திருந்த தரவுத்தளம் புதிய ஃப்ளாஷ்பேக் லாக் எதையும் எழுதவில்லை. பழையவை அப்படியே இருந்தன. திரும்ப வேண்டிய புள்ளியோ விழுந்த கணத்துக்குச் சற்று முன்புதான். ரீஇன்ஸ்டேட் முடிந்து அது ஸ்டாண்ட்பையாகச் சேர்ந்து, விடுபட்ட ஆர்க்கைவ் லாக்குகளை இரவுக்குள் வாங்கிக்கொண்டது. 2.4 டெராபைட்டை நகரங்களுக்கு இடையே மீண்டும் நகலெடுக்கும் வேலை தவிர்ந்தது.

அலர்ட் லாக்கும் கைக்கு வந்தது. 5 மாதம் முன்பு, பெரிய இண்டெக்ஸ்களை மறுகட்டும் பராமரிப்பு வேலையை விரைவுபடுத்த ஃபோர்ஸ் லாக்கிங் அணைக்கப்பட்டிருந்தது. மீண்டும் இயக்கிய வரி எங்கும் இல்லை. இதற்குப் பிறகும் ஒரு ஸ்விட்ச்ஓவர் ஒத்திகை வெற்றி என்று பதிவாகியிருந்தது. அதில் உள்நுழைந்து இரண்டு ஆர்டர் போட்டு, 40 நிமிடத்தில் திரும்பியிருந்தார்கள். சுருக்க அறிக்கையை யாரும் திறக்கவில்லை.

மாற்றியவை

கன்சோல் ஸ்டாண்ட்பை மையத்துக்கு மாற்றப்பட்டது. ஸ்டாண்ட்பை மையம் விழுந்தால் கன்சோலும் போகும். ஆனால் அப்போது பிரைமரி ஓடிக்கொண்டிருக்கும், அவசரமாக அழுத்த வேண்டிய பொத்தான் எதுவும் இருக்காது. இரு மையங்களிலும் கன்சோலை வைத்து இரட்டிப்பாக்குவது இன்னும் நல்லது. செலவைக் கருதி அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது.

கன்சோலில் மெட்ரிக் எக்ஸ்டென்ஷனாக, அதாவது குழுவே எழுதிய அளவீடுகளாக, மூன்று கேள்விகள் சேர்ந்தன. ஃபோர்ஸ் லாக்கிங் 'யெஸ்' அல்லாமல் இருந்தால் உடனே அபாய எச்சரிக்கை; இது கன்ட்ரோல் ஃபைலில் உள்ள அமைப்பு என்பதால் இரு பக்கமும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. பிரைமரியின் வி-டாலர்-டேட்டாஃபைலில் நோலாக்கிங் எழுத்து கடைசியாக நடந்த நேரத்தைக் காட்டும் அன்ரெக்கவரபிள் டைம் கடந்த 24 மணி நேரத்துக்குள் மாறியிருந்தால் எச்சரிக்கை. ஸ்டாண்ட்பையில் டேட்டம் டைம் 60 நொடிக்கு மேல் பின்தங்கினால், லேக் எண் என்ன சொன்னாலும் எச்சரிக்கை.

இரண்டாவது எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியதும் எழுதப்பட்டது. ஸ்டாண்ட்பையில் அப்ளையை நிறுத்தி, ஆர்மேனில் 'ரெக்கவர் டேட்டாபேஸ் நான்லாக்டு பிளாக்' கொடுத்தால் செல்லாத பிளாக்குகளைப் பிரைமரியிலிருந்து எடுத்து நிரப்பும், 12.2 பதிப்பிலிருந்து இது உண்டு. பிரைமரி உயிரோடு இருக்கும்போதுதான் இது பயன்படும், ஆகவே எச்சரிக்கை வந்த அன்றே முடிக்க வேண்டும்.

ஒத்திகையின் வடிவம் மாறியது. மாதம் ஒருமுறை கன்சோலிலிருந்து ஸ்டாண்ட்பையை, எழுதிப் பார்த்துப் பின் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய ஸ்னாப்ஷாட் ஸ்டாண்ட்பையாக மாற்றி, மாத இறுதி அறிக்கை, இருப்புச் சுருக்கம், ஆர்டர் தேடல் ஆகியவற்றை முழு அளவில் ஓட்டிப் பார்த்துத் திரும்ப மாற்றுகிறார்கள். அந்த நேரத்தில் ரீடூ வந்துகொண்டே இருக்கும், அப்ளை ஆகாது. அந்த ரீடூ சேரும் ரெக்கவரி ஏரியாவில் இடம் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அவ்வேளையில் பிரைமரி விழுந்தால் ஃபெயில்ஓவர் தாமதமாகும். ஆகவே 3 மணி நேரத்துக்கு மேல் அந்த நிலையில் விடுவதில்லை. ஆறு மாத ஸ்விட்ச்ஓவரில் ஒருமுறை கன்சோலைத் தொடாமல், டிஜிஎம்ஜிஆர்எல்-இல் மட்டுமே செய்கிறார்கள்.

கடவுச்சொற்கள் இரு மையங்களிலிருந்தும் எட்டக்கூடிய பெட்டக மென்பொருளுக்குப் போயின. டெம்ப் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடும் வாராந்தரச் சோதனை சேர்ந்தது.

மனிதர் தலையிடாமல் தானாக நடக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட் ஃபெயில்ஓவரை இயக்கலாமா என்ற பேச்சும் வந்தது. கவனிப்பாளராகிய அப்சர்வர் இரு மையங்களுக்கும் வெளியே, மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். பிரைமரி மையத்தில் வைத்தால் மின்தடையில் அதுவும் விழும். ஸ்டாண்ட்பை மையத்தில் வைத்தால் இடையிலுள்ள நெட்வொர்க் அறுந்தாலே, நன்றாக ஓடும் பிரைமரியை விட்டுத் தானாக மாறிவிடும். மூன்றாவது இடம் இப்போது இல்லை. அது அமையும்வரை ஃபெயில்ஓவர் முடிவு மனிதரிடமே இருக்கும். ஒப்புதல் தர அதிகாரம் உள்ள இருவரில் ஒருவர் 15 நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால், பணியில் உள்ள மூத்த நிர்வாகியே தொடங்கலாம் என்று விதி எழுதப்பட்டிருக்கிறது.